பத்து நிமிட விளக்கு

அத்தியாயம் ஏழு

இறந்தவளுக்குத் தலையணை எதற்கு?

ஒன்பது நாட்களுக்கு முன், கறுப்புடை அணிந்த ஒரு தாய் இந்தக் கேள்வியைத் துப்பறிவாளர் லெமோனியாவின் மேசைமீது வைத்தாள். பக்கத்தில் ஒரு கோட்டையும் மடித்து வைத்தாள். ஆடவர் அணியும் கருநீலக் கோட்டு அது. துவைத்துத் தேய்த்து, கிழிந்த இடப்பையைத் தைத்து, நான்கு ஆண்டுகள் அலமாரியில் காக்கப்பட்டது.

தாயின் பெயர் மர்காரோ. சாண்டோரினித் தீவின் பிர்கோஸ் குன்றில் வாழ்பவள். அவளுடைய ஒரே மகள் நோமிக்கி, பத்தொன்பது வயதுப் பெண், ஓட்டல் அறைகளைத் துடைத்துப் பிழைத்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதத்து ஒரு காலை, ஆறே முக்கால் மணிக்கு வேலைக்கு விரைந்தபோது, துறைமுகச் சாலையின் மேல் வளைவில் எரிமலைச் சரளை அவளுடைய ஸ்கூட்டரை வாரிவிட்டது. கற்சுவர் அவளை வாங்கிக்கொண்டது. "அக்கணமே உயிர் பிரிந்தது" என்று எழுதி முத்திரையிட்டது அறிக்கை. அந்த அறிக்கையோடு மர்காரோவின் கைக்கு வந்ததே இந்தக் கோட்டு. மகளின் தலைக்குக் கீழே மடித்து வைக்கப்பட்டிருந்ததாம்.

"உடனே செத்தவளுக்கு யாரும்மா தலையணை வெப்பா?" என்று கேட்டாள் மர்காரோ. "யாரோ பக்கத்துல இருந்திருக்காங்க. அவங்களை ஜெயில்ல போடணும்னு நான் கேக்கல. எம்பொண்ணு தனியா செத்தாளா, இல்லையா? அது ஒண்ணு போதும். வர ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, நம்ம வழக்கப்படி கல்லறையைத் தோண்டி எலும்பெடுக்கறோம். என் கையால அவ மண்டையோட்டை வைன் ஊத்திக் கழுவணும். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்."

இன்று வெள்ளிக்கிழமை. இடையில் இருப்பது ஒரே ஒரு சனி.

காலை எட்டு மணிக்கு நகரச் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் லெமோனியா. ஐம்பத்திரண்டு வயது, தடித்த கண்ணாடி, கையில் ஓர் ஊர்சுற்றிச் சீமாட்டியின் அகன்ற தொப்பி. அத்தினியோஸ் துறைமுகத்தில், ஒரு கப்பல் முகவரின் பயணச்சீட்டுக் கூண்டில், பத்தொன்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தவள். கூண்டை மூடிவிட்டு முகவர் போனபின், மனிதர்களின் முகங்களைப் படித்தே பழகிய கண்களை வீணாக்க மனமின்றி இந்தத் தொழிலுக்கு வந்தாள். அவளுடைய உதவியாளன் யாகூமிஸ் ஆறு நிமிடம் கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பூப்போட்ட சட்டை, கழுத்தில் கேமரா, காலில் புத்தம்புதுச் செருப்பு. முன்னாளில் பழைய துறைமுகப் படிக்கட்டில் கழுதை ஓட்டியவன்.

"கப்பல் உனக்காக நிக்காது, கண்ணு. சீக்கிரம் வா" என்றாள் லெமோனியா.

"வந்துடுச்சுப்பா வசனம்! பத்தொன்பது வருஷம் ஃபோன்ல ஊருக்கே சொல்லியும் உங்களுக்கு வாய் வலிக்கலையா, கேப்டன்? ஒரு படகுகூட ஓட்டத் தெரியாத கேப்டன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"இன்னிக்கு நான் கேப்டன் இல்ல. உன் பொண்டாட்டி. சாலோனிகாவுலேர்ந்து ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கோம்."

"அப்போ ஒரு சண்டை போட்டுடலாம். இல்லன்னா எவன் நம்புவான்?"

"வாயை மூடிட்டு, நேத்து வரைக்கும் என்ன கண்டுபிடிச்சோம்னு ஒரு தடவை சொல்லு. ஏதாவது விட்டுப்போச்சான்னு பாக்கணும்."

யாகூமிஸ் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். "பொண்ணு செத்த நாப்பதாம் நாள் அந்த வளைவுல ஒரு நினைவு மாடம் முளைச்சிருக்கு. சின்னக் கோயில் மாதிரி, கண்ணாடிக் கதவு, உள்ள எண்ணெய் விளக்கு. மர்காரோ அது ஊர்க்காரங்க வெச்சதுன்னு நெனச்சாங்க. ஊர்க்காரங்க அது மர்காரோ வெச்சதுன்னு நெனச்சாங்க. நாலு வருஷமா ஒருத்தரும் வாயைத் தொறந்து கேக்கல. துக்க விஷயத்துல நம்மாளுங்களுக்கு இருக்கற மரியாதையே தனி!"

மாடத்தை வைத்தவன் எவனோ, கோட்டை மடித்தவனும் அவனே. லெமோனியாவின் கணக்கு அதுதான்.

"அப்புறம்?"

"விளக்கு தினமும் எரியுது. போன செவ்வாயும் புதனும் மட்டும் எரியல. அந்த ரெண்டு நாளும் காத்து எட்டாம் எண் வேகம், புயல் மாதிரி. ஒரு கப்பலும் வரல. சாமிக்குப் பயந்தவன் காத்துக்குப் பயப்பட மாட்டான். கப்பல் வந்தாத்தான் விளக்கேத்துவான்னா, அவன் பொழப்பே கப்பல்ல வர்ற ஆளுங்கதான். மாடத்துக்குப் பின்னாடி எண்ணெய் இருந்த குட்டி பாட்டில் கெடந்துச்சு; ஊர் சுத்திக் காட்டற தனி வேன்ல சும்மா குடுக்கற தண்ணி பாட்டில். கோட்டும் அந்த வேன் டிரைவருங்க போடற கோட்டு. ஆனா டிரைவர் இருநூறு பேர் இருக்கான். அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது."

"உன் மூளையா? இணையத்துல நார்வேக்காரங்க எழுதினது."

"அதைப் படிச்சது யாரு? 'அரைநாள் சுற்றுலா நன்று. ஓட்டுநர் பண்பாளர். ஆனால் பார்க்க ஒன்றுமில்லாத ஒரு வளைவில் பத்து நிமிடம் நிறுத்தி விளக்கு ஏற்றினார். ஏன் என்று சொல்லவில்லை. நான்கு நட்சத்திரம்.' அந்த வளைவுக்காக ஒரு நட்சத்திரத்தைப் புடுங்கிட்டாங்க, பாவிங்க."

கறுப்பு வேன் ஒன்று ஓசையின்றி வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மழித்த முகம், வெள்ளைச் சட்டை. மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் கருநீலக் கோட்டில் மின்னிய அந்தச் சதுக்கத்தில், இவன் ஒருவன் மட்டுமே கோட்டு அணியாதிருந்தான். லெமோனியாவின் கண்கள் அதை விழுங்கிக்கொண்டன.

"வணக்கம்மா. வணக்கம் சார். எம்பேரு ஸ்டெர்யோஸ். இன்னிக்கு அஞ்சு மணி நேரம் உங்க கூட நான்தான்."

வேன் மலையேறியது. இறைவாக்கினர் எலியாவின் மடம் நிற்கும் உச்சியில் இறங்கினர். கீழே, பிளந்துபோன கிண்ணம்போல் தீவு. கிண்ணத்தின் நடுவே கருகிய எரிமலைத் திட்டு. அதைச் சுற்றி ஐந்து வெண்ணிறக் கப்பல்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வெடித்தது அந்த மலை. அந்த நெருப்பை விற்றுத்தான் இன்று தீவே உண்கிறது. விற்பவன் வீட்டு மாடியில் நீச்சல்குளம். துடைப்பவளின் கையில் வெடிப்பு! ஒரே காட்சியை ஒருவன் கட்டிலில் சாய்ந்து பார்க்கிறான்; ஒருத்தி அவன் எழுந்துபோன பின் அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றும் அரை நொடியில் பார்க்கிறாள்!

அடியிலிருந்து ஒரு கப்பல் சங்கு ஊதியது. ஸ்டெர்யோஸின் இடக்கை தானாக உயர்ந்தது. கண் கடிகாரத்துக்குப் போனது. வேலியோரம் நின்ற மற்ற மூன்று ஓட்டுநர்களின் கைகளும் அவ்வாறே உயர்ந்தன. கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த யாகூமிஸின் கையும் உயர்ந்தது. லெமோனியாவின் கையுந்தான். இத்தீவில் பிறந்தாலும் சரி, பிழைக்க வந்தாலும் சரி, சங்கொலி கேட்டதும் மணிக்கட்டைப் பார்க்காதவர் இல்லை.

மறுபடி வேனில் ஏறியபோது அவனுடைய கைபேசி அலறியது. வேனின் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் கொட்டியது.

"ஏங்க, நோமிக்கிக்குக் காய்ச்சல் இன்னும் விடல. முப்பத்தொம்பது இருக்கு. டாக்டர் பன்னெண்டு மணிக்குத்தான் வருவாராம். என்ன பண்ணட்டும்?"

"ஈரத்துணி போடு. நான் ஒண்ணரைக்கு வந்துடறேன். ஆளுங்க இருக்காங்க, வெச்சுடறேன்" என்றான் அவன்.

பின்னிருக்கையில் யாகூமிஸின் முழங்கை லெமோனியாவின் விலாவில் இடித்தது. அவள் அசையவில்லை.

"குழந்தையா, தம்பி?"

"ஆமாம்மா. ரெண்டு வயசுப் பொண்ணு."

"கடவுள் காப்பாத்துவார். நீங்க இந்த ஊரா?"

"இல்லம்மா. கார்டிட்சா. சமவெளி. கடலையே பதினெட்டு வயசுலதான் பாத்தேன்."

"வீட்டுக்காரம்மா?"

"அவளும் எங்க ஊர்தான்."

"அம்மா பேரு நோமிக்கியா?"

"எங்கம்மா பேரு வாசிலிகி."

"அப்போ மாமியார் பேரா?"

"அவங்க சிரான்னா."

யாகூமிஸ் தொண்டையைச் செருமினான். "என்னப்பா இது! மொத பொண்ணுக்கு உன் அம்மா பேர வெக்கணும். அவங்களோட சண்டைன்னா மாமியார் பேர வெக்கணும். எங்க தெருவுல ஒருத்தன் வேற பேர வெச்சுட்டு வந்தான். அவங்கம்மா ஞானஸ்நானத் தொட்டியிலேர்ந்து குழந்தையைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க!"

"எங்கம்மா ஓடல சார்" என்றான் ஸ்டெர்யோஸ். "பேசறதை நிறுத்திட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

நோமிக்கி என்பது இந்தத் தீவில் மட்டுமே வழங்கும் பெயர். சமவெளியில் அப்பெயரைக் கேட்டவரும் இலர். பெற்ற தாயின் வாயை அடைத்து, கட்டியவளின் தாயைத் தலைகுனிய வைத்து, அந்நியப் பெயரொன்றைத் தன் முதற்குழந்தைக்குச் சூட்டும் மனிதனை எது அவ்வாறு செய்ய வைக்கும்? லெமோனியாவுக்கு ஒரே விடைதான் தெரிந்தது. மோதியவன் இவன். சரளை வாரிவிட்டதென்பது பொய். இவனுடைய வேன் இடித்திருக்க வேண்டும்; விழுந்தவளைக் கண்டு அஞ்சி, கோட்டை மடித்து வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

அந்த முடிவில் அவள் மனம் கெட்டிப்பட்டபோது வேன் வேகம் குறைந்து, துறைமுகச் சாலையின் மேல் வளைவில் ஒதுங்கி நின்றது. மணி பதினொன்று.

பார்க்க ஒன்றுமில்லாத இடந்தான். ஒரு பக்கம் கற்சுவர். மறுபக்கம் தரையோடு தரையாகக் கூடைபோல் சுருண்டு கிடக்கும் திராட்சைக் கொடிகள். சுவரையொட்டி ஒரு கம்பத்தின் மேல் முழ உயரத்தில் வெள்ளை மாடம்.

"அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லி, ஒரு குட்டிப் பாட்டிலுடன் இறங்கினான் ஸ்டெர்யோஸ்.

அவன் கண்ணாடிக் கதவைத் திறந்தான், திரியைக் கிள்ளினான், எண்ணெய் ஊற்றினான், காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் தீக்குச்சி உரசினான். பிறகு சுவரின் அடியில், சரளையில், முழங்காலிட்டு அமர்ந்து, கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். செபம் செய்யவில்லை, சிலுவையும் போட்டுக்கொள்ளவில்லை. சும்மா அமர்ந்திருந்தான், மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்திருப்பவனைப் போல.

லெமோனியா அருகில் போய் நின்றாள்.

"இடிச்சது நீதானே?"

அவன் திரும்பவில்லை. "நீங்க சாலோனிகா இல்லன்னு காலையிலேயே தெரியும்மா. சார் சதுக்கத்துல கழுதைச் சாணத்தைக் கீழ பாக்காமலே தாண்டினாரு. தீவுக்காரங்க எவனும் தீவைச் சுத்திப் பாக்கத் தனி வேன் எடுக்க மாட்டான். யாராவது ஒருநாள் வருவாங்கன்னு நாலு வருஷமா பாத்துட்டிருக்கேன். போலீஸ்னு நெனச்சேன்."

"இன்னும் பதில் வரல."

"நான் இடிக்கலம்மா."

"அப்புறம் ஏன் இந்த மாடம்? உன் பொண்ணுக்கு ஏன் அந்தப் பேரு?"

அவன் சரளையில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து இன்னொரு கல்லின் மேல் வைத்தான்.

"ஒரு டச்சுக் குடும்பத்தை ஏழேகால் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன். எனக்கு முன்னால அம்பது அடியில அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்துச்சு. ஓடிப்போய்ப் பாத்தேன். கண்ணு தொறந்திருந்துச்சு. பேசிச்சு. ஆம்புலன்சுக்கு ஃபோன் பண்ணேன். 'தீவோட அந்தக் கோடியில இருக்கோம், கிளம்பிட்டோம். கழுத்து அடிபட்டிருக்கும், நகத்தக் கூடாது, வண்டியில ஏத்தாதே'ன்னாங்க. கோட்டைக் கழட்டித் தலைக்குக் கீழ வெச்சேன். ஸ்கூட்டர் கண்ணாடி பட்டுப் பை கிழிஞ்சுது. இங்கேயேதான் உக்காந்தேன். இதே கல்லு. கையைப் பிடிச்சுட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்." அவன் தரையில் கிடந்த கடிகாரத்தைக் குப்புறத் திருப்பி வைத்தான். "அந்த டச்சு அம்மா வேன்லேர்ந்து இறங்கி வாட்சைக் காட்டுச்சு. ஏதன்ஸ்ல விமானம் பிடிக்கணும்னு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? துறைமுகத்துக் கூண்டுக்கு ஃபோன் பண்ணேன். கப்பல் என்னிக்குமே லேட்டுதானே, இன்னிக்கும் லேட்டுன்னு சொல்லிட்டா இங்கேயே இருந்துடலாம்னு. 'ஏழேகால் கப்பல் லேட்டாம்மா?'ன்னு கேட்டேன். ஸ்பீக்கர்ல போட்டேன், அந்த டச்சு அம்மாவுக்கும் கேக்கட்டும்னு. ஒரு பொம்பளைக் குரல் சொல்லுச்சு. 'நேரத்துக்கு வருது. கப்பல் உங்களுக்காக நிக்காது, கண்ணு. சீக்கிரம் வாங்க.'"

பின்னால் யாகூமிஸ் சட்டென்று லெமோனியாவைப் பார்த்தான். கழுத்துக் கேமராவின் மூடி சுவரில் பட்டுப் பட்டு ஒலித்தது.

லெமோனியா கற்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணும் கேட்டுச்சு" என்று தொடர்ந்தான் ஸ்டெர்யோஸ். "'நீங்க போங்கண்ணா'ன்னுச்சு. 'கப்பலை விட்டுட்டா உங்களை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ்தான் வருதே. யாரையும் காக்க வெக்கக் கூடாது'ன்னுச்சு. 'ஓட்டல்ல மட்டும் சொல்லிடுங்க, பதினோரு ரூம் இருக்கு, வந்துடுவேன்னு'. நான் எழுந்தேன்மா. அரைமணியில திரும்பி வந்துடறேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்."

"கப்பல்..." என்றாள் லெமோனியா. அது கேள்வியே அன்று.

"வரவே இல்லம்மா. துறைமுகம் காலி. முக்கால் மணி லேட்டுன்னு அப்புறந்தான் சொன்னாங்க. அவங்க பெட்டியை இறக்கி வெச்சுட்டு, அந்தக் கொண்டை ஊசி வளைவையெல்லாம் எப்படி ஏறினேன்னே தெரியல. வந்து பாத்தப்ப ஆம்புலன்ஸ் நிக்குது. முகத்தை மூடியிருந்தாங்க. நான் நிறுத்தாம போயிட்டேன். இப்ப தினமும் வந்து பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்."

நேரத்துக்கு வருகிறது! எத்தனை காலைகளில் எத்தனை காதுகளுக்கு அவள் இந்தப் பொய்யை ஊற்றினாள்! தாமதம் என்று சொன்னால் பயணிகள் எதிராளியின் கப்பலுக்குப் போய்விடுவர். ஆகவே கப்பல் கண்ணில் படும்வரை தாமதம் என்னும் சொல்லே கூண்டுக்குள் எழக்கூடாது: இது முகவர் இட்ட ஆணை. முக்கால் மணித் தாமதம் அன்று ஆறு பத்துக்கே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாளைக்கு நாற்பது அழைப்பு வரும். நாற்பதுக்கும் ஒரே வாசகம். அதில் ஓர் அழைப்பு இந்தச் சரளையிலிருந்து வந்தது. எதிர்முனையில் ஒருத்தி மல்லாந்து கிடந்து அதைக் கேட்டாள்.

கொன்றது யார்? சரளையா? ஓட்டுநரா? கூண்டுக்காரியா? காக்க வைக்காதே, காக்க வைக்காதே என்று ஏழையின் காதில் தொட்டில் முதல் ஓதி, அவன் ஒருவனே எப்போதும் காத்திருக்குமாறு கட்டிவைத்த இந்த ஒழுங்கு அல்லவா கொன்றது! கூலிக்கு ஓட்டியவனும், கூலிக்குப் பொய் சொன்னவளும், கூலிக்குத் துடைக்கப் போனவளும் அன்று அவ்வளைவில் ஒருவரையொருவர் கைவிட்டனர். வராத ஒரு கப்பலுக்காக!

இவ்வாறெல்லாம் மேடையில் முழங்கலாம். கற்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு அந்த முழக்கம் உதவவில்லை. ஒழுங்கு ஆயிரம் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்ன வாய் அவளுடையது.

"கேப்டன்" என்றான் யாகூமிஸ், மிக மெல்ல. "மர்காரோகிட்ட அவ உடனே செத்துட்டான்னே சொல்லிடலாம். அறிக்கை அப்படித்தானே இருக்கு. ஞாயித்துக்கிழமையாவது அந்தம்மா நிம்மதியா..."

"பத்தொன்பது வருஷம் அதைத்தானடா பண்ணேன். கேக்கறவங்களுக்கு எது சௌகரியமோ அதைச் சொன்னேன்." அவள் ஓட்டுநரிடம் திரும்பினாள். "தம்பி, ஸ்டெர்யோஸ். அரைநாள்ல இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு. பிர்கோஸ்ல ஒரு வீடு. வரியா?"

அவன் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான், கட்டவில்லை. "வரேன்" என்றான்.

மர்காரோ வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளைத் துணி, எலும்புகளைச் சுற்ற வேண்டியது, கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. மூவரும் வருவதைப் பார்த்தாள். நடுவில் வருபவனை மேலும் கீழும் பார்த்தாள். அவனுடைய தோளின் அகலத்தை அவள் கண்கள் அளந்தன. நான்காண்டுகள் ஒரு கோட்டைத் தேய்த்துத் தேய்த்து மடித்தவளுக்கு அந்த அளவு தெரியாமற் போகுமா?

"கோட்டு உன்னோடதா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சொல்லு."

சொன்னான். மகளின் கையை விட்டு எழுந்தது வரை, முகம் மூடியிருந்தது வரை, நிறுத்தாமல் போனது வரை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ, உயிர் போறப்ப தனியாத்தான் இருந்தாளா?"

"ஆமாம்மா" என்றான் ஸ்டெர்யோஸ். "தனியாத்தான்."

கொடியில் வெள்ளைத் துணி படபடத்தது. மர்காரோ அதன் ஒரு முனையைப் பிடித்து நிறுத்தினாள்.

"'யாரையும் காக்க வெக்கக் கூடாது'ன்னா சொன்னா?"

"அதான் சொன்னாங்க."

"அது நான் சொல்லிக் குடுத்தது." அவள் துணியைப் பார்த்தே பேசினாள். "ஆறு வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தேன். நாம யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது, நமக்காக யாரும் நிக்கற மாதிரி வெச்சுக்கக் கூடாதுன்னு. நல்லாத்தான் கத்துக்கிட்டா. 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வராது. நான் சொல்லிக் குடுக்கலையே."

லெமோனியா ஓர் அடி முன்னே வைத்தாள். தொப்பி அவள் கையில் நசுங்கியிருந்தது.

"மர்காரோ. ஃபோன்ல கப்பல் நேரத்துக்கு வருதுன்னு சொன்னது யாருன்னு நீங்க கேக்கல."

"யாரு?"

"நான்தான். லேட்டுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். இது என்னிக்கு நடந்ததுன்னு நீங்க வந்து சொன்னப்பகூட எனக்கு உறைக்கல. இன்னிக்குத்தான்."

அந்தத் தாய் அவளை நெடுநேரம் பார்த்தாள். வசை வரும் என்று லெமோனியா காத்திருந்தாள். அது வந்திருந்தால் வரவேற்றிருப்பாள். வரவில்லை. யாகூமிஸ், ஐந்து வயதிலிருந்து ஒரு கணமும் வாய் மூடாத யாகூமிஸ், வாசற்படியில் அமர்ந்து புதுச்செருப்பின் வாரைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"இவன் பொண்ணுக்கு உங்க பொண்ணு பேரத்தான் வெச்சிருக்கான், அக்கா" என்றான் கடைசியில், தலைநிமிராமல். "பெத்த அம்மாவைப் பகைச்சுக்கிட்டு."

மர்காரோவின் கை துணியிலிருந்து நழுவியது.

"நோமிக்கின்னா வெச்சிருக்க?"

"ரெண்டு வயசு" என்றான் ஸ்டெர்யோஸ். "மன்னிச்சிருங்க. உங்களைக் கேக்காம வெச்சுட்டேன். இன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலை வீட்ல விட்டுட்டு இங்க என்னடா பண்ற? எவ்வளவு இருக்கு? கேளு. கேட்டுச் சொல்லு."

அவன் கைபேசியை எடுத்தான். மூன்றாம் முறைதான் அழைப்பு போனது. மனைவியின் குரல் அந்தச் சின்ன வாசல் முழுதும் கேட்டது. "டாக்டர் முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாரு. விட்டுடுச்சு. நோமிக்கி தூங்குறா."

நான்கு ஆண்டுகளாக அந்தப் பெயரை அவ்வீட்டில் எவரும் நிகழ்காலத்தில் சொன்னதில்லை. மர்காரோ கதவுநிலையில் சாய்ந்தாள். அவளிடமிருந்து எழுந்த ஒலி அழுகை என்று அறியப்படுமுன், அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. லெமோனியாவும் யாகூமிஸும் போவதா இருப்பதா என்று அறியாது தயங்கினர். ஸ்டெர்யோஸ் மாத்திரம் நகரும் எண்ணமே இல்லாதவன்போல் நின்றான்.

திரும்பி வந்தாள். கையில் கோட்டு. அவனிடம் நீட்டவில்லை, தன் மார்போடு வைத்திருந்தாள்.

"இதைத் தர மாட்டேன். அவ தலை வெச்சது."

"வேணாம்மா."

"ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்குக் கல்லறையில எலும்பெடுக்கறோம். வைன் கிண்ணத்தைப் பிடிக்க எனக்கு ஆளில்ல. நீ வா." பிறகு லெமோனியாவை நோக்கினாள். "நீயும் வா. மண்டையோட்டைக் கழுவ நேரமாகும். மண்ணு ஒட்டியிருக்கும். எவ்வளவு நேரமானாலும் முழுசா இருக்கணும் ரெண்டு பேரும். பாதியில எழுந்து போகக் கூடாது."

அப்போது கீழே, துறைமுகத்தில், ஒரு கப்பல் சங்கு ஊதியது. நீண்ட ஒலி, குன்றில் மோதித் திரும்பியது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் மணிக்கட்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார்.

அந்த வாசலில் ஒரு கையும் உயரவில்லை.